கேனப்பி அண்ணன் கட்டிய மூலையில்லா வீடு

வீட்டுக்குக் கூரை போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வெறும் கூரையைக் கட்டி நிறுத்திவிட்டு, "இதான்லா வீடு, உள்ள வாங்க" என்று கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் கேனப்பி அண்ணன்தான். பினாங்குத் தீவில் மட்டுமல்ல, மலேசியா முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொருவர் அகப்பட மாட்டார். அப்படி ஒருவர் இருந்தால் அவரைவிட அவர் மனைவியைத்தான் நான் பார்த்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாளக் கார்டில் இருக்கிறது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் மாடியில் குடியிருந்த ஒருவருக்கும் அது தெரியாது. கல்யாணமோ கருமாதியோ, வாசலில் இரும்புக் கால்களை நிறுத்தி மேலே கேன்வாஸ் கட்டுகிறார்களே, அந்தக் கூடாரத்துக்கு எங்கள் ஊரில் கேனப்பி என்று பெயர். அதையும் மேசை நாற்காலிகளையும் வாடகைக்கு விடுவது அண்ணனின் தொழில். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் காற்றடித்து நிறுத்தும் குதிக்கிற கோட்டை ஒன்றும் வைத்திருந்தார். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன், இந்தக் கதைக்கு அது முக்கியம்.

கேனப்பி போடுவதைவிட நாற்காலி போடுவதில்தான் அவருக்குப் பேர். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசுவதில்லை, எந்தச் சித்தப்பா எந்தப் பெரியப்பாவின் முகத்தில் விழிப்பதில்லை, யாருக்கு ஓட்டை வாய், யாருக்குப் பாம்புக் காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண வீட்டுக்காரர் சொல்லாமலே அதற்கேற்ப நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுவிடுவார். "நாற்காலி தப்பாப் போச்சுன்னா சாம்பார் எவ்வளவு நல்லா இருந்தாலும் சண்டைலா" என்பது அவர் கண்ட தத்துவம். அவர் நாற்காலி போட்ட கல்யாணங்களில் அடிதடி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி. அது காற்று. ஒருமுறை மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் அடித்த காற்று கேனப்பியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் எதிரே இருந்த பள்ளித் திடலில் வைத்தது. அதன் இரும்புக் கால் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் கொஞ்ச தூரம் கூடவே போய்விட்டு வந்தார். வாத்தியத்தை மட்டும் அவர் விடவில்லையாம். அன்றைக்குத்தான் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது.

"காத்து எங்க பிடிச்சு தூக்குது பாத்தியா தம்பி? மூலையத்தான். நடுவுல கை வைக்காது. மூலை இருந்தாத்தான் அதுக்குப் பிடி. மூலையே இல்லன்னா என்ன பண்ணும்? சும்மா தடவிட்டுப் போயிரும்."

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அடுக்குமாடி வீட்டின் சொந்தக்காரர், வீட்டை விற்கப் போகிறேன், வருஷக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தீவின் மறுகோடியில் பாலிக் புலா மலையடிவாரத்தில் என்றோ வாங்கிப்போட்ட துண்டு நிலத்தில் கையில் இருக்கும் சில்லறைக்குள் ஒரு வீடு கட்டுவது ஒரு வழி. மனைவி சரசு அக்காவோடு மச்சான் வீட்டுப் பின்னறைக்குப் போவது இன்னொரு வழி.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரசு அக்காவுக்கு மூத்தவர். அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது; ஒரு பக்கம் சுவரை ஒட்டி வீடு கிடையாது, கொஞ்சம் கூடுதலாக நிலம் கிடைக்கும். அதைக் கார்னர் லோட் என்பார்கள். நம்மவர்களிடம் கார்னர் லோட்டுக்கு உள்ள மரியாதை கோயில் தலைவர் பதவிக்கு அடுத்தபடி. அவர் யாரிடமாவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால்கூட அடுத்த வாக்கியத்தில் கார்னர் லோட் வந்துவிடும். ஆகையால் நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம்.

"வாங்களேன், நம்ம கார்னர் லோட்ல இடமா இல்ல" என்று அவர் கூப்பிட்டபோது சரசு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கும் கலங்கியது, காரணம் வேறு. அன்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஊருக்கே நாற்காலி கொடுக்கிறவன் தம்பி நான். இந்த வயசுல இன்னொருத்தன் வீட்டு நாற்காலில போய் உக்கார முடியாதுலா."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனிதர் சிரிக்காததால் எனக்கு அது மனசில் தைத்துவிட்டது.

எனவே வீடு. காசு குறைவு என்பதால் அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். வீட்டுக்குச் சுவர் ஒரு செலவு, கூரை இன்னொரு செலவு. சுவரே வளைந்து போய்க் கூரையாகிவிட்டால் ஒரு செலவு மிச்சம். மூலையும் கிடையாது, காற்றின் மூஞ்சியில் கரி. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு கான்கிரீட் வீடு. போனில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் கட்டுவதையும் பார்த்துவிட்டார். அவன் பெரிய பலூனை ஊதி, அதன் மேல் கம்பி கட்டி, சிமிந்தி பூசி, காய்ந்ததும் பலூனை உருவிவிட்டான். "நம்மகிட்ட பலூன் ஊதுற மெஷின் இருக்குலா" என்றார் அண்ணன். குதிக்கிற கோட்டைக்குக் காற்றடிக்கும் மெஷினைத்தான் சொன்னார்.

சரசு அக்காவுக்கு விஷயம் தெரிந்த அன்று அடுக்குமாடியே அதிர்ந்தது.

"மூலை இல்லாத வீடா? வெளக்குமாறை எங்க சாத்துவேன்? சாமி மேடையை எங்க வைப்பேன்?"

"எல்லாம் நடுவுல வைக்கலாம் சரசு."

"சண்டை போட்டா நான் எந்த மூலைல போய் உக்காருவேன்?"

"அந்த வீட்டுல சண்டையே வராதுலா."

"உங்களக் கட்டிக்கிட்டு சண்டை வராம இருக்குமா?"

முடிவில் அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்காரி இல்லாமல் பால் காய்ச்சினால் ஊர் சிரிக்கும், அதனால் பால் காய்ச்ச மட்டும் வருவார். காய்ச்சி இறக்கியதும் அங்கிருந்தே தன் அண்ணன் கார்னர் லோட் வீட்டுக்குப் போய்விடுவார். கேனப்பி அண்ணன் வேண்டுமானால் சட்டிக்குள் தனியாக இருந்துகொள்ளலாம். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் மாடி முழுக்கத் தெரியும்.

ஆனாலும் பாருங்கள், பலூனைத் தைத்ததே அந்த அக்காதான். கிழிந்த கேனப்பிகளைத் தைத்துத் தைத்துப் பழகிய தையல் மெஷின் அவருடையது. பழைய கேன்வாஸ்களை மலை போலக் குவித்து, ஆரஞ்சுச் சுளை மாதிரி வெட்டிக் கொடுத்தார் அண்ணன். பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது என்று பொய் சொன்னார். "இது என்னா கேனப்பி, வாசலும் இல்ல காலும் இல்ல" என்று முனகிக்கொண்டே அக்கா தைத்தார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் திட்டிக்கொண்டே மீதியையும் தைத்து முடித்தார்.

பிளான் பார்க்க வந்த அதிகாரி ரொம்ப நல்ல மனிதர். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, பக்கவாட்டில் திருப்பி, கடைசியில் பொறுமையாகக் கேட்டார்: "பும்போங் மானா? டின்டிங் மானா?" கூரை எங்கே, சுவர் எங்கே என்று அர்த்தம். "சாமா சாஜா" என்றார் அண்ணன், இரண்டும் ஒன்றுதான். சுவர் எந்த இடத்தில் முடிந்து கூரை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அதிகாரி மறுபடி கேட்டார். அது தனக்கே தெரியாது என்று அண்ணன் உண்மையைச் சொன்னார். பிறகு ஓர் இஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அந்த இஞ்சினியர் மகளுக்குக் கல்யாணம். அதில் போட்டிருந்த கேனப்பியின் நீளத்தை ஊரே வியந்து பேசியது.

பலூன் ஊதிய நாளில் நானும் போயிருந்தேன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில், காடி என்று நாங்கள் சொல்லும் கார்களுக்கு உதிரிப் பாகம் விற்கும் கடையில் எனக்கு வேலை. கடையின் பிக்கப் வண்டி என்னிடம் இருந்தது. எனக்கு ஓய்வு நாள் எது என்பது என் முதலாளியைவிட அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். மெஷினைப் போட்டதும் கேன்வாஸ் குவியல் ஒரு முறை இருமிற்று, பெருமூச்சு விட்டது, பிறகு சிவப்பும் மஞ்சளுமாக மெல்ல எழுந்து நின்றது. பழைய கேனப்பி ஒவ்வொன்றிலும் அவருடைய போன் நம்பர் பெரிதாக அச்சடித்திருந்தது. இப்போது அந்த நம்பர் எல்லாத் திசையிலும் தெரிந்தது. மலைச் சாலையில் போன யாரோ அதைப் பார்த்துவிட்டு, ஒரு காதுகுத்துக்குக் கேனப்பி கிடைக்குமா என்று அங்கேயே வண்டியை நிறுத்திப் போன் செய்தார். வரும் ஆர்டரை விடக் கூடாது என்று அண்ணன் பலூனுக்குப் பக்கத்தில் நின்றே விலை பேசினார்.

பேசி முடிக்கவில்லை, டமார் என்று ஒரு சத்தம்.

பாலிக் புலாவில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் யோசிப்பார்கள். டுரியான் பருவத்தில், டுரியான் மரத்தடியில், காற்றடித்த பலூனை நிறுத்தக் கூடாது என்று யோசிக்கும் அவசியம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. பக்கத்துத் தோட்டத்து மரம் வேலி தாண்டிக் கிளை நீட்டியிருந்தது. அதிலிருந்து தேங்காய் கனத்தில், உடம்பெல்லாம் முள்ளாகப் பழுத்த டுரியான் ஒன்று நேராகப் பலூனின் உச்சந்தலையில் விழுந்து உள்ளே போய்விட்டது. மெஷின் மட்டும் எதுவும் தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தது.

தோட்டக்காரர் பாக் டின் ஓடி வந்தார். மலாய்க்காரர்கள் எதிர்பாராத அதிர்ஷ்டத்துக்கு டுரியான் உதிர்ந்தது என்று சொல்வார்கள். அந்த நல்ல மனிதருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "டுரியான் ருந்தோ, உந்தோங்லா", டுரியான் உதிர்ந்தது, அதிர்ஷ்டம்தான் என்று அண்ணன் தோளைத் தட்டினார். கேன்வாஸுக்குள் தவழ்ந்து போய் அந்தப் பழத்தைத் தேடி எடுத்து மூவருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பழம் அருமையாக இருந்தது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணன் பருவம் முடியும்வரை காத்திருந்தார். அக்கா மறுபடி தைத்தார், மறுபடி திட்டினார். இரண்டாம் முறை பலூன் நின்றது. மேலே கம்பியும் கோழி வலையும் கட்டி, சாரத்தில் நின்று, சிமிந்தியைக் கையால் அப்பி அப்பிப் பூசினோம். சிமிந்தி இறுகும்வரை மெஷின் நிற்கக் கூடாது. மின்சாரம் பாக் டின் வீட்டிலிருந்து நீண்ட வயரில் வந்தது. பாக் டினின் மனைவி சிக்கனமானவர், பாசாருக்கு, அதான் சந்தைக்கு, கிளம்பும் முன் வீட்டில் உள்ள சுவிட்சை எல்லாம் அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர். அன்றும் அணைத்துவிட்டார். பலூன் தளர ஆரம்பித்ததும் அண்ணன் சாரத்திலிருந்து குதித்து ஓடிய ஓட்டத்தை ஓட்டப் பந்தயத்தில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருக்கலாம். அதற்குள் மேற்குப் பக்கம் லேசாக அமுங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வீட்டுக்குக் கன்னத்தில் குழி உண்டு.

ஜன்னல் வேலை என் தலையில் விழுந்தது. புதுக் கண்ணாடி வாங்கக் காசு கிடையாது, வளைந்த சுவருக்குத் தட்டையான ஜன்னலும் பொருந்தாது. ஜுருவில் உடைக்கப் போட்ட காடிகளின் முன் கண்ணாடிகள் அழகாக வளைந்திருக்கும் என்பதை நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிக்கப்பில் அடுக்கி, பாலத்தைக் கடந்து, அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இப்போது அந்த வீட்டுக் கூடத்து ஜன்னலில் எவருடைய ரோட் டேக்ஸ் வில்லையோ ஒட்டியிருக்கிறது, அதுவும் காலாவதியானது. பெரிய ஜன்னலில் வைப்பரையும் கழற்ற வேண்டாம் என்றார் அண்ணன். ஒரு பழைய பேட்டரியை வைத்துச் சுவிட்ச் கொடுத்தார். மழை வந்தால் தட்டிவிடலாம், ஜன்னல் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். மச்சானின் கார்னர் லோட்டில் இந்த வசதி கிடையாது என்பதை அவர் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார்.

கட்டுவதைவிட முடிப்பதுதான் பெரும்பாடு. வெளியே மழைநீர் இறங்காமல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். உள்ளே பூசக் காசு இல்லை, அதனால் வெறும் சுண்ணாம்போடு விட்டுவிட்டார். கடைகளில் உடைந்துபோன ஓடுகளைச் சேகரித்துத் தரையில் பதித்தார். குளியலறை ஓடுகளில் எட்டு வகைப் பூக்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியவில்லை, பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடைவெளி. சாமி படங்களை மாட்டியபோது அதைவிட வேடிக்கை. சுவர் உள்பக்கமாக வளைவதால் எல்லாப் படமும் ஆணியிலிருந்து முன்னால் தொங்கிற்று. முருகனும் பிள்ளையாரும் லட்சுமியும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். கும்பிட நின்றால், குனிந்து நம் குறையைக் கேட்பது போலவே இருக்கும்.

வாஸ்து பார்க்க ஒருவரை அனுப்பி வைத்தது கார்னர் லோட்தான். அந்த வாஸ்து ஐயாவுக்கு மூலைக்கு இவ்வளவு என்று கட்டணம். வீட்டைச் சுற்றி வந்தார், இன்னொரு முறை சுற்றினார், மூன்றாவது சுற்றில் அவருக்கு லேசாகத் தலை சுற்றியது. மூலையே இல்லாத வீட்டில் அவருக்கு வருமானமும் இல்லை. போனில் திசைகாட்டியைப் போட்டால், சுற்றிலும் கம்பி இருந்ததால் முள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது.

"நான் இதுவரைக்கும் எவ்வளவோ குறை உள்ள வீடு பாத்திருக்கேன். குறை வைக்க எடமே இல்லாத வீடு இதாங்க" என்றார்.

அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஐயா கடைசியில் நாலு பூச்சட்டிகளை நாலு பக்கம் வைக்கச் சொல்லி, அவற்றையே மூலையாகப் பாவித்து, நாலுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார். அடுப்பு எந்த இடம் என்று அவர் கைகாட்டியபோது, "சாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வச்சா பரவாயில்லையா?" என்று அண்ணன் கேட்டார். முள்தான் நிற்கவே இல்லையே, அவரும் சரி என்றுவிட்டார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. மாடும் கன்றும் முதலில் உள்ளே போயின. அன்றைக்கு வந்தவர்களில் வீட்டைக் குறை சொல்லாத ஜீவன்கள் அவை இரண்டுதான். மற்றவர்கள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இட்லிச் சட்டி என்றார் ஒருவர், ஆமை என்றார் இன்னொருவர், தண்ணீர்த் தொட்டி என்று மூன்றாவது ஆள். சரசு அக்கா புதுச் சேலை கட்டி வந்திருந்தார், கையில் துணிப் பையும் இருந்தது. பையில் கார்னர் லோட் வீட்டில் தங்குவதற்கு மாற்றுச் சேலைகள். அண்ணன் அந்தப் பையை ஒரு முறை பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி நாற்காலிகளைத் தூக்கப் போய்விட்டார்.

அன்று அவர் நாற்காலி போட்டதைப் பார்த்திருக்க வேண்டும். வட்டமான வீட்டில் வட்டமாகப் போடாமல், ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துப் போட்டார். கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்காரும் தங்க நிறச் சிம்மாசனத்தைக் கொண்டுவந்து வைப்பர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார். அரை அடி நகர்த்தினார், எட்டிப் பார்த்தார், மறுபடி இரண்டு விரற்கடை இழுத்தார். "மச்சான், நீங்க இங்கதான்" என்று கார்னர் லோட்டை அதில் உட்கார வைத்தார். மரியாதை கிடைத்ததில் கார்னர் லோட்டுக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் வாஸ்து ஐயா.

அடுப்பு அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இருந்தது. நடுவில் வீடு முழுக்க ஜனம், பேச்சுச் சத்தம். தீப்பெட்டி நமுத்துப் போயிருந்ததால் என்னுடைய லைட்டரோடு நான் அக்கா பக்கத்தில் நின்றேன். அக்கா பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்து மேலே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூசாத சிமிந்தியில், பலூனின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொரு சுளையின் ஓரத்திலும் அவர் போட்ட தையல், உச்சிவரை, கோடு கோடாக.

"அந்த எடத்துல ஊசி ஒடைஞ்சிருச்சு. கோணலாப் போச்சு பாரு" என்று என்னிடம் ஓர் இடத்தைக் காட்டினார். அது கோணலாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் இருவர் காதுக்கும் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன், யாரும் இல்லை. சுவர்தான் பேசியது. கார்னர் லோட்டின் குரலில் பேசியது.

"ரெண்டு வாரம் தாங்காது ஐயா. நம்ம வீட்டுக்குத்தான் வரப் போறா. பின்னால ரூம் காலியாத்தான் கெடக்கு. வேலைக்கு இருந்த பொண்ணு நின்னதுல இருந்து என் வீட்டுக்காரி இடுப்பு வலின்னு உசிர வாங்குறா. இவ வந்தா சமையல், துணிமணி எல்லாம் ஆச்சு. தங்கச்சின்னா சம்பளம் கேக்க மாட்டா பாருங்க."

"மேற்கேருந்து ஆள் வந்தா அந்த வீட்டுக்கு விருத்திதான்" என்றது வாஸ்து ஐயாவின் குரல்.

எட்டிப் பார்த்தேன். அந்தக் கோடியில் கார்னர் லோட் கையால் வாயை மறைத்துக்கொண்டு வாஸ்து ஐயாவின் காதில் குனிந்திருந்தார். நடுவில் இருந்த ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. வளைந்த சுவர் அந்த ரகசியத்தை அப்படியே உருட்டிக் கொண்டுவந்து எங்கள் காதில் கொட்டிவிட்டது.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை கூப்பினார்கள். அக்கா கும்பிடவில்லை, அடுப்பைக் குறைத்தார். பிறகு கூட்டத்தைத் தாண்டிச் சாதாரணக் குரலில் கேட்டார்.

"அண்ணே, உங்க வீட்டுல அடுப்பு எந்த மூலைல இருக்கு?"

கார்னர் லோட் சிம்மாசனத்திலிருந்து எழுந்தேவிட்டார். இந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்திருந்தார்.

"அக்கினி மூலைலம்மா. தென்கிழக்கு. கார்னர் லோட்ல எல்லா மூலையும் கச்சிதமா அமைஞ்சிருக்கும்லா."

"அப்ப அந்த மூலைல நீங்களே நின்னு சமைங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

கார்னர் லோட் உட்கார்ந்தார். தங்கச்சிக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. வாஸ்து ஐயாதான் போட்டுக் கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு அவரோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார். துணிப் பையிலிருந்து சேலைகளை எடுத்து, சுவரோடு ஒட்டாத அந்த அலமாரியில் அக்கா அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் நின்று, ஏற்கெனவே நேராக இருந்த ஒரு நாற்காலியை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. தெரிஞ்சுதானே அந்த நாற்காலிய அங்க போட்டீங்க?"

"சுண்ணாம்பு அடிக்கிறப்ப தெரிஞ்சுச்சு தம்பி. நான் அடுப்புப் பக்கம் நிக்கிறேன். அந்தக் கோடில சுண்ணாம்பு அடிச்ச பங்களாதேஷ்காரன் போன்ல பொண்டாட்டிகிட்ட என்னமோ முணுமுணுக்கிறான். என் காதுகிட்ட வந்து பேசுற மாதிரி கேக்குது. பாஷை புரியல. ஆனா என்னத்தான் திட்டுறான்னு நல்லாப் புரிஞ்சுச்சு."

"மச்சான் அப்படிப் பேசுவாருன்னு எப்படித் தெரியும்? வாயத் திறக்காம இருந்திருந்தா?"

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவரு ஒரு விசேஷத்துல வாய மூடிட்டு இருந்து நீ பாத்திருக்கியா? எத்தன கல்யாணத்துல அவருக்கு நாற்காலி போட்டிருக்கேன். யாரை எங்க உக்கார வைக்கணும்னு எனக்குத் தெரியாதாலா?"

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. பாலிக் புலாவில் பலத்த காற்று அடித்து அக்கம்பக்கத்துத் தகரக் கூரைகள் பறந்த அன்று அந்தச் சட்டி அசையவில்லை. பாக் டின் குடும்பமே கோழிகளோடு உள்ளே வந்து இருந்தது. சண்டை வராது என்று அண்ணன் சொன்னது மட்டும் பொய்த்துவிட்டது, வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. போய் உட்கார மூலை இல்லாததால் அக்கா வீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்துகொள்கிறார். எங்கே போவதானாலும் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறவர் அண்ணன்தான்.

மாதம் ஒரு ஞாயிறு நான் அங்கே சாப்பிடப் போவேன். போனதும் அண்ணன் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வைப்பர் ஜன்னல் பக்கம் போடுவார். "இங்க உக்காரு தம்பி, காத்து வரும்" என்பார். நானும் பழக்கமாக உட்கார்ந்துவிடுவேன், சுவரை மறந்தே போய்விட்டேன்.

போன ஞாயிறு அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அடுப்புப் பக்கம் இரண்டு பேரும் குனிந்து என்னமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் காதோரம் அண்ணன் குரல் வந்தது.

"சரசு, மீன் தலைய எடுத்து வச்சியா? தம்பிக்குப் பிடிக்கும். அவனுக்குன்னு சொல்லாத, கூச்சப்பட்டு வேணாம்பான். பேசாம தட்டுல போட்டுரு."

"கொழம்பு கொதிக்கிறப்பவே எடுத்து வச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லணுமா உங்களுக்கு?"

ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாரா, கேட்காது என்று சொன்னாரா, தெரியாது. இந்த ஊரில் எனக்கென்று மீன் தலையை எடுத்து வைக்க வேறு ஒருவரும் இல்லை என்பது மட்டும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பாக் டினின் டுரியான் மரங்கள் மங்கலாகத் தெரிந்தன. மழை இல்லை. இருந்தாலும் வைப்பர் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.